பிக்கப் வண்டிக்கு எந்த ஆயில் நல்லது? பழைய ஆயிலைச் சோதித்துப் பார்க்கும் முறை

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும்போது ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் உள்ளது பென்னலூர். இதற்கு அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார்களும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரிகளும் உருவாகத் தொடங்கின. இத்தனை வண்டிகள் பிறக்கும் பகுதியில் இருந்துகொண்டும், தம்முடைய பிக்கப் வண்டிக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்ற கேள்விக்கு நம் உழவர்களுக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார், மெக்கானிக் வேறொன்றைச் சொல்கிறார். "விலை இரண்டு மடங்கு, ஆனால் இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாம்" என்று ஒரு டப்பாவைக் கையில் கொடுப்பவர்களும் உண்டு. அதை நம்பி ஓட்டி எஞ்சின் இறங்கிவிட்டால், ஒரு போக நெல்லின் இலாபம் ஒர்க்‌ஷாப்பில் போய்விடும். நம்பாமல் அடிக்கடி ஆயில் மாற்றினாலோ, ஆண்டுதோறும் தேவையற்ற செலவு.

இதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை காண முடியுமா? முடியும் என்று பலரும் கூறுகின்றனர். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலில் சிறிதளவு எடுத்து அனுப்பினால், அதில் எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்று அறிக்கை வரும். உலோகம் குறைவாக இருந்தால் தேய்மானம் குறைவு, அந்த ஆயிலே சிறந்தது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு பார்வைக்குச் சரியாகத் தோன்றினும், ஒரே ஒரு வண்டி வைத்திருக்கும் உழவருக்கு இது பெரும்பாலும் தவறான முடிவையே தரும். ஆனால் அதே சோதனை வேறு ஒரு வகையில் அவருக்கு மிகுந்த பயன் அளிக்கும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

இந்தச் சோதனை புதிதன்று. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டென்வர்-ரியோ கிராண்டி ரயில்வே, தன் டீசல் எஞ்சின்களின் ஆயிலை நிறமாலைமானியில் சோதித்து, பேரிங் கெடுவதை முன்கூட்டியே அறியத் தொடங்கியது. பின்னர் விமானப் படைகளும் கடற்படையும் இதை ஏற்றன. நம் இந்திய ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளிலும் இதற்கென ஆய்வுக்கூடங்கள் உண்டு. எஞ்சினைப் பிரிக்காமலேயே அதன் உள்ளே நடப்பதை அறிய, மனிதருக்கு இரத்தப் பரிசோதனை செய்வது போன்ற முறை இது.

ஆயிலை மின்பொறியிலோ மிகு வெப்பச் சுடரிலோ எரிக்கும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை வெளியிடும். அதை அளந்து, பத்து லட்சம் பங்கு ஆயிலில் அத்தனிமம் எத்தனை பங்கு என்று கூறுவர். இதையே அறிக்கையில் பி.பி.எம். என்று குறிப்பிடுவர். இரும்பு என்பது சிலிண்டர் லைனர், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஆகியவற்றின் தேய்மானம். அலுமினியம் பிஸ்டனிலிருந்தும், குரோமியம் ரிங்கிலிருந்தும், செம்பு, காரீயம், வெள்ளீயம் ஆகியவை பேரிங்குகளிலிருந்தும் வருகின்றன. ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் செம்பு அதிலிருந்தும் கசியலாம். சோடியமும் பொட்டாசியமும் திடீரென்று ஏறினால் ரேடியேட்டர் கூலண்ட் உள்ளே கசிகிறது என்று பொருள். கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியன அதிகமாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டாம், அவை ஆயில் நிறுவனத்தார் சேர்த்த மருந்துகள். சிலிக்கானைப் பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

உலோகங்களைத் தவிர ஆயிலின் பாகுத்தன்மையையும் அளப்பர். 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும், கரி சேர்ந்தாலும் வெந்துபோனாலும் தடித்துவிடும். டி.பி.என். எனப்படும் கார எண், எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை அடக்க ஆயிலில் எவ்வளவு சக்தி மீதம் உள்ளது என்று காட்டும். புது ஆயிலில் இருந்ததில் பாதிக்குக் கீழே இறங்கினால் ஆயிலை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால், இந்தக் கார எண் முன்போல் விரைவாக இறங்குவதில்லை. ஆயில் கறுத்துவிட்டதே என்று மட்டும் பார்த்து மாற்றுவது சரியன்று. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது, கரியை அடியில் படியவிடாமல் தாங்கி நிற்கிறது என்பதற்கே அடையாளம்.

இரண்டு ஆயில்களை ஒப்பிடும்போது நேரும் பிழை

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக மட்டும் சொல்லும் கணக்கு. உங்கள் வண்டியில் 6 லிட்டர் ஆயில் பிடிக்கிறது. முதலில் 'அ' என்ற ஆயிலை ஊற்றி 10,000 கிலோமீட்டர் ஓட்டிச் சோதித்தீர்கள், இரும்பு 40 பங்கு. அடுத்து விலை கூடிய 'ஆ' என்ற ஆயிலை ஊற்றினீர்கள். அறுவடை முடிந்து வேலை குறைந்ததால் 6,000 கிலோமீட்டரிலேயே மாற்றிச் சோதித்தீர்கள், இரும்பு 30 பங்கு. 'ஆ' ஆயிலில் இரும்பு குறைவு, ஆகவே அதுவே சிறந்தது என்று சொல்லத் தோன்றும்.

ஓடிய தூரம் ஒன்றல்லவே. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் 'அ' ஆயிலுக்கு 4, 'ஆ' ஆயிலுக்கு 5. இப்போது முடிவு தலைகீழாகிவிட்டது. ஆனால் இதுவும் சரியன்று. ஆயிலை எவ்வளவு வடித்தாலும் எஞ்சினின் உள் வழிகளில் சிறிது தங்கிவிடும். அரை லிட்டர் தங்கியதாகக் கொண்டால், அதில் இருந்த 'அ' ஆயிலின் இரும்பு புது ஆயிலில் கலந்து, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டுவதற்கு முன்பே சுமார் 3 பங்கைக் காட்டும். அதைக் கழித்தால் 'ஆ' ஆயிலின் கணக்கு 27, அதாவது ஆயிரத்துக்கு 4.5. மறுபுறம், 'அ' ஆயில் ஓடியபோது குறைந்துபோன ஒரு லிட்டரை இடையில் ஊற்றியிருந்தீர்கள். போன ஆயிலோடு கொஞ்சம் இரும்பும் போயிற்று. அதைச் சேர்த்தால் 40 என்பது 43 அளவில் வரும், ஆயிரத்துக்கு 4.3. 'அ' ஆயிலை ஊற்றியபோதும் அதற்கு முந்தைய ஆயில் சிறிது தங்கியிருந்திருக்கும், அதன் கணக்கு உங்கள் கையில் இல்லை.

ஆக 4.3, 4.5 என்ற இரண்டு எண்கள் மிஞ்சுகின்றன. ஒரே பாட்டிலை ஒரே ஆய்வுக்கூடத்தில் இருமுறை சோதித்தாலே சில பங்கு வேறுபாடு வரும். மேலும், ஆயில் மாற்றிய தொடக்கத்தில் இரும்பு சற்று வேகமாக ஏறி, பின்னர் மெதுவாக ஏறுவதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆகவே குறைந்த தூரம் ஓடிய ஆயில் எப்போதும் கொஞ்சம் மோசமாகவே தெரியும். இத்தனைக்கும் பிறகு எது சிறந்தது என்று எவ்வாறு சொல்வது? சொல்ல முடியாது என்பதே நேர்மையான விடை.

இன்னொன்றும் உண்டு. புதிய பிராண்ட் ஆயிலை முதன்முறை ஊற்றும்போது, அதிலுள்ள மருந்துகள் பழைய படிவுகளையும் செம்பின் மேற்பரப்பையும் கரைத்து எடுக்கலாம். அப்போது செம்பு ஏறிக் காணப்படும். அது தேய்மானம் அன்று. இதைக் கண்டு அஞ்சி, நல்ல ஆயிலைக் கைவிட்டுவிடக் கூடாது.

ரகச் சோதனையை நினைவில் கொள்ளுங்கள்

புதிய நெல் ரகம் ஒன்றை ஒரே வயலில் ஒரே நவரைப் போகத்தில் பயிரிட்டு, சென்ற சொர்ணவாரியில் பழைய ரகம் கொடுத்த விளைச்சலோடு ஒப்பிட்டு முடிவு செய்வீர்களா? மண், நீர், பருவம், உரம் எல்லாம் வேறு வேறு. அதனால்தான் ஆராய்ச்சிப் பண்ணைகளில் பல பாத்திகளில் மாற்றி மாற்றி நட்டுப் பார்க்கின்றனர். ஆயிலுக்கும் அதே விதிதான். கோடையில் புழுதிச் சாலையில் உர மூட்டை ஏற்றி ஓடிய ஆயிலையும், மழைக்காலத்தில் நெடுஞ்சாலையில் கோயம்பேட்டுக்குக் காய்கறி கொண்டுபோன ஆயிலையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது சாலைகளைத்தான், ஆயில்களை அன்று.

முறையாகச் செய்வதாயின், 'அ' ஆயிலை இரண்டு முறை, 'ஆ' ஆயிலை மூன்று முறை, மீண்டும் 'அ' ஆயிலை இரண்டு முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே தூரத்தில் மாதிரி எடுக்க வேண்டும். 'ஆ' ஆயிலின் முதல் மாதிரியையும், திரும்பிய 'அ' ஆயிலின் முதல் மாதிரியையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. முறைக்கு 10,000 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 70,000 கிலோமீட்டர் ஆயிற்று. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டும் உழவருக்கு இது மூன்றரை ஆண்டு வேலை! அதற்குள் எஞ்சினும் வயதாகிவிடும், அந்த ஆயிலின் தயாரிப்பே மாறிப்போகவும் கூடும். ஒரு வண்டிக்காரர் இதில் இறங்குவதை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவிடமோ பால் சேகரிப்போரிடமோ ஒரே மாடலில் ஐந்தாறு வண்டிகள் இருந்து, ஒரே தடத்தில் ஓடுமானால், பாதி வண்டிகளில் ஒன்றையும் மீதியில் மற்றொன்றையும் ஊற்றி, பின்னர் இடம் மாற்றிப் பார்ப்பது பொருளுள்ள சோதனையாகும்.

ஆயில்களை உண்மையாகவே ஒப்பிடுவோர் எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டுகின்றனர். கனரக டீசல் ஆயில்களுக்கான மேக் டி-12 என்ற சோதனை 300 மணி நேரம் நடக்கிறது. முடிந்ததும் எஞ்சினைப் பிரித்து, லைனர் எவ்வளவு தேய்ந்தது, பிஸ்டன் ரிங் எடையில் எவ்வளவு குறைந்தது என்று அளக்கின்றனர். ஆயிலில் ஏறிய காரீயத்தின் அளவும் அதில் ஒரு பகுதி மட்டுமே. இத்தகைய சோதனைகளில் தேறிய ஆயிலுக்குத்தான் ஏ.பி.ஐ. தர எழுத்து கிடைக்கிறது. சி.ஐ.-4 என்பது 2002-இலும், சி.கே.-4 என்பது 2016-இலும் வந்தவை. ஆகவே வண்டியுடன் வந்த கையேட்டில் எந்த எழுத்தும் எந்தத் தடிமனும் குறிப்பிடப்பட்டுள்ளனவோ, அவை டப்பாவின் மேல் உள்ளனவா என்று பாருங்கள். அந்த எழுத்து ஒன்றாயிருக்கும் இரண்டு நல்ல நிறுவனங்களின் ஆயில்களுக்கு இடையே உள்ள வேறுபாடு, உங்கள் வண்டியின் காற்று வடிகட்டி உண்டாக்கும் வேறுபாட்டைவிடச் சிறியதாகவே இருக்கும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும். பழைய டிராக்டருக்கு வாங்கி வைத்த ஆயிலை அதில் ஊற்றினால் அந்த வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும், அதன் விலையோ மிக அதிகம்.

சோதனையின் உண்மையான பயன்

எந்த ஆயில் சிறந்தது என்பதைவிட, எஞ்சின் நலமாக உள்ளதா என்பதையே இந்தச் சோதனை நன்கு கூறும். அதிலும் முதன்மையானது சிலிக்கான். மணலும் மண்ணும் சிலிக்கானால் ஆனவை. மண் லாரிகளும் ஜல்லி லாரிகளும் ஓயாது செல்லும் ஒரகடம் போன்ற தடங்களிலும், ஏரிக்கரை வண்டிப்பாதையிலும் ஓடும் வண்டியின் எஞ்சினுக்கு முதல் எதிரி புழுதியே. புது ஆயிலில் இருந்ததைவிடச் சிலிக்கான் 20 பங்குக்கு மேல் கூடி, கூடவே அலுமினியமும் இரும்பும் ஏறியிருந்தால், வடிகட்டாத காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று கொள்ளலாம். களிமண்ணில் அலுமினியமும் உள்ளதால் இரண்டும் சேர்ந்தே ஏறும். சிலிக்கான் மட்டும் ஏறி இரும்பு ஏறாமல் இருந்தால், அண்மையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியபோது தடவிய கேஸ்கெட் பசையிலிருந்து வந்திருக்கலாம்.

இவ்வாறு புழுதி நுழைவது தெரிந்தால் லிட்டருக்கு எவ்வளவு விலை கொடுத்து ஆயில் வாங்கினாலும் பயனில்லை. ஏர் ஃபில்டர் தாளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் பரவலாக உள்ளது. அழுத்தம் மிகுந்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்படும். ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் ஹோஸில் வெடிப்பு உள்ளதா, அதன் கிளிப் இறுகியுள்ளதா, ஃபில்டர் விளிம்பு பெட்டியில் சரியாகப் பொருந்தியுள்ளதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹோஸின் உட்புறம் நறநறவென்று மண் ஒட்டினால் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிளிப்பின் விலையில் எஞ்சினைக் காக்கலாம்.

அடுத்தது டீசல் கலப்பு. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல், மாறாகக் கூடிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம், ஆயிலில் டீசல் சேர்கிறது. இன்ஜெக்டர் ஒழுகினாலும், டி.பி.எஃப். உள்ள வண்டியைக் குறுகிய தூரமே ஓட்டி அடிக்கடி நிறுத்தினாலும் இவ்வாறு நேரும். வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிகள் வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓடுவது நல்லது.

ஆயிலை இன்னும் அதிகத் தூரம் ஓட்டலாமா என்ற கேள்விக்கும் இந்தச் சோதனை உதவும். கார எண் பாதிக்கு மேல் உள்ளது, பாகுத்தன்மை வரம்புக்குள் உள்ளது, சிலிக்கான் குறைவு என்று தொடர்ந்து இரண்டு, மூன்று அறிக்கைகள் வந்தால், அடுத்த முறை 1,000 கிலோமீட்டர் கூட்டிப் பார்க்கலாம். வாரண்டி உள்ளவரை நிறுவனம் சொன்ன தூரத்தைத் தாண்டவே கூடாது. டிராக்டருக்குக் கிலோமீட்டருக்குப் பதில் மணி மீட்டரைக் கணக்கில் கொள்க.

ஒரு குறையையும் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கருவி மைக்ரான் அளவில் ஐந்து, பத்துக்கு உட்பட்ட துகள்களையே நன்கு காணும். பேரிங் உடைந்து பெரிய சில்லுகளாக விழுந்தால் அறிக்கையில் தெரியாமலே போகலாம். ஆகவே ஆயில் மாற்றும்போது கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மின்னும் பொடியோ சில்லோ இருந்தால் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பேரிங் அல்லது பிஸ்டன். இதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

மாதிரி எடுக்கும் முறை

மண் மாதிரி எடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம் இதிலும் வேண்டும். வண்டியை இருபது, முப்பது நிமிடம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். நின்ற வண்டியில் கனமான துகள்கள் அடியில் படிந்துவிடும். வடிகால் திருகைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறந்து, முதலில் வரும் ஆயிலை விட்டுவிட்டு, நடுவில் ஓடும் ஆயிலில் சுமார் 100 மில்லி பிடித்தல் வேண்டும். கை சுடாமல் பார்த்துக்கொள்ளவும். பாட்டில் புதியதாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். பூச்சிமருந்து பாட்டில், குளிர்பான பாட்டில் ஆகியவை அறவே கூடாது. மூடியை உடனே இறுக்கி, வண்டி மாடல், ஆயிலின் பெயரும் தரமும், அந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், வண்டியின் மொத்த கிலோமீட்டர், இடையில் ஊற்றிய அளவு, தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். இந்தக் குறிப்பில்லாத அறிக்கை பாதிப் பயன்கூடத் தராது. அதே டப்பாவிலிருந்து புது ஆயில் ஒரு பாட்டிலும் முதல் முறை அனுப்புவது மிக அவசியம். புது ஆயிலில் எது எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் கூடியதையும் குறைந்ததையும் சொல்ல இயலாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒரு சோதனை ஒரு வண்டிக்குப் போதுமானது.

ஆயிலில் தண்ணீர் உள்ளதா என்று மட்டும் அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. சமையலுக்கு இனி உதவாத பழைய தோசைக்கல்லை வெளியில் வைத்துச் சூடாக்கி, தள்ளி நின்று ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். அமைதியாகப் பரவினால் தண்ணீர் இல்லை, பொரிந்து வெடித்தால் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி அணிவது நல்லது. பொரிந்தால் அந்த வண்டியை மேலும் ஓட்டாமல் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடித்த மீதி ஆயிலை மரத்தூணுக்குக் கரையான் மருந்தாகப் பூசுவதும், வாய்க்காலில் ஊற்றுவதும் இன்னும் நின்றபாடில்லை. எரிந்த ஆயிலில் தோலுக்குக் கேடான, புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்கள் உள்ளன. கையில் பட்டால் மண்ணெண்ணெயில் கழுவாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர வேண்டிய பொருள். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, ஆயிலை முறைப்படி சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். காலி டப்பாவைப் பழைய பொருள் வியாபாரியிடம் போடுமுன் அடியில் இரண்டு துளை போடவும். முழு டப்பாவாகப் போனால், அதிலேயே கலப்பட ஆயிலை நிரப்பி முத்திரையிட்டு மீண்டும் விற்பவர்கள் இருக்கிறார்கள்.